முதலில் பணம் கொடுத்தவருக்கு என்ன விலை?

கேள்வி: நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்கிறோம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 15 டாலருக்கு விற்க எண்ணம். கேம் வருமுன்பே மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் விலையைக் குறைத்தால் கையைக் கடிக்குமா?
*வாசகர், தண்டையார்பேட்டை*

கடிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டீம் ஒவ்வொரு விற்பனையிலும் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 15 டாலரில் உங்களுக்கு வருவது 10.50. கிக்ஸ்டார்ட்டர் எடுப்பது 5 சதவீதம், அதோடு பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதமும் 20 சென்ட்டும். அங்கே முன்பணம் கொடுக்கும் ஆதரவாளரிடம் 12 டாலர் வாங்கினால் 10.84 மிஞ்சும். வரியைத் தனியாகப் பாருங்கள். மூன்று டாலர் குறைத்த பிறகும் உங்கள் கைக்கு அதிகம்தான் வருகிறது! ஆதரவாளர்களுக்குக் கொடுக்கும் ஸ்டீம் கீக்கும் (ஸ்டீமில் கேமைப் பெற உதவும் குறியீடு) தனிக் கட்டணம் கிடையாது.

ஷவல் நைட் என்ற கேம் 2013-ல் கிக்ஸ்டார்ட்டரில் இதைத்தான் செய்தது. 10 டாலர் கொடுத்தவருக்கே முழு கேம். அடுத்த ஆண்டு கடைக்கு வந்தபோது விலை 14.99. கேட்டது 75,000 டாலர், திரண்டது 3,11,000-க்கு மேல்.

கையைக் கடிப்பது ஆதரவாளர்களுக்குப் பரிசாக அனுப்பும் டி-ஷர்ட்டும் போஸ்டரும்தான். வெளிநாட்டுக்கு அனுப்பும் கூரியர் செலவைக் கேட்காமல் அவற்றை அறிவிக்காதீர்கள்.

கேள்வி: முதல் 100 பேருக்கு மட்டும் குறைந்த விலை வைக்கலாமா?
*வாசகி, ராயபுரம்*

எனக்குப் பிடிக்காத முறை. 101-வது ஆள் வரும்போது "தீர்ந்துவிட்டது" என்ற பலகைதான் அவரை வரவேற்கும். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று போய்விடுவார். எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தை வையுங்கள்: முதல் 48 மணி நேரம் வருகிற எல்லோருக்கும் ஒரே விலை.

கேள்வி: இரண்டு வருஷம் முன்பு கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கேமுக்கு 20 டாலர் கொடுத்தேன். வெளியான முதல் வாரமே தள்ளுபடியில் 15-க்கு விற்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?
*வாசகர், கொருக்குப்பேட்டை*

உங்கள் கோபம் நியாயமானது. நம்ம ஏலச்சீட்டில் முதலில் எடுப்பவர் தள்ளிக் கொடுப்பார், கடைசிவரை பொறுத்தவருக்கு முழுத் தொகை. இங்கே பொறுத்திருந்தவரும் நீங்கள், கூடுதலாகக் கொடுத்தவரும் நீங்கள். கேம் வராமலே போயிருந்தால் நஷ்டமும் உங்களுக்குத்தான்.

கேம் செய்பவர்கள் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும். ஸ்டீமில் வெளியீட்டுத் தள்ளுபடி 40 சதவீதம் வரை தரலாம். 20 சதவீதத்தைத் தொட்டால்தான் விஷ்லிஸ்டில் (வாங்க ஆசைப்படுபவர்கள் குறித்துவைக்கும் பட்டியல்) வைத்தவர்களுக்கு மெயில் போகும் என்பதால், பின்னால் வரும் தள்ளுபடிகளும் அந்த அளவில்தான் தொடங்கும். ஆகவே ஆதரவாளர் விலையைக் கடை விலையில் 20 சதவீதம் குறைவாக வையுங்கள். மேலே சொன்ன 12 டாலர் அப்படி வந்ததுதான். முதல் ஒரு வருஷம் அதற்குக் கீழே இறங்காதீர்கள். பிறகு இறங்கலாம். தீபாவளிக்கு எம்.சி. ரோட்டில் எடுத்த சட்டை ஆடியில் விலை குறைந்தால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. முதல் வாரமே குறைந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

கேள்வி: முடியாத கேமை, செய்துகொண்டிருக்கும்போதே விற்கும் ஸ்டீமின் எர்லி ஆக்சஸ் முறையில் மலிவாக விற்கலாமா?
*வாசகர், பெரம்பூர்*

ஆதரவாளர்கள் அதே ஆரம்பநிலைப் பதிப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். பிளானட்டரி அனைஹிலேஷன் என்ற கேம் கிக்ஸ்டார்ட்டரில் ஆல்ஃபா பதிப்புக்கு (முடியாத ஆரம்பநிலைப் பதிப்பு) 90 டாலர் வாங்கியிருந்தது. 2013-ல் ஸ்டீமுக்கு வந்தபோதும் அதே அளவு விலையே வைத்தார்கள். புதிதாக வந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள், அதை நான் மதிக்கிறேன். தவறு அந்த 90 டாலரில்தான் தொடங்கியது. நீங்கள் ஆல்ஃபாவுக்குத் தனி விலையே வைக்காதீர்கள்.

கேள்வி: இந்திய வங்கிக் கணக்கோடு கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க முடியுமா?
*வாசகி, வியாசர்பாடி*

நேரடியாக முடியாது, அவர்களுடைய நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. அனுமதி உள்ள நாட்டில் கூட்டாளியோ பதிவு செய்த நிறுவனமோ வேண்டும். புனேயில் உருவான ராஜி என்ற கேம் 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டவில்லை. ஆனாலும் 2020-ல் அது வெளிவந்தது. எனவே அந்த ஒரு கதவையே நம்பி ஒரு வருஷத்தைக் கழிக்காதீர்கள். ஒரு டெமோவை (விளையாடிப் பார்க்க இலவச மாதிரி) ஸ்டீமில் போட்டு, விஷ்லிஸ்ட் சேர்க்கும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.