புயலுக்கு யார் பெயர் வைக்கிறார்கள்? ஒருமுறை வைத்த பெயர் மறுபடி வருமா?

பேராவூரணிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டில் டிவியில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னதும் அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பேரு வச்சாச்சா?" வைத்தாயிற்று என்றால் அரிசி, மண்ணெண்ணெய், மாட்டுக்குத் தீவனம் என்று ஓட ஆரம்பித்துவிடுவார். இல்லையென்றால், "அப்ப மழைதான்" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். அவருடைய அந்தக் கேள்விதான் இதையெல்லாம் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்குப் பெயர் அறிவிப்பது டெல்லியில் இருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை. ஆனால் அந்தப் பெயர் முன்கூட்டியே பட்டியலில் தயாராக இருக்கும். இந்தக் கடல்களைச் சுற்றியுள்ள 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்திருக்கின்றன, மொத்தம் 169. வங்கதேசத்தில் தொடங்கி ஏமன் வரை, நாடுகளின் ஆங்கில அகர வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இந்தப் பட்டியல் 2020 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்தையது 8 நாடுகள் கொடுத்த 64 பெயர்கள். 2004-ல் 'ஒனில்' புயலோடு தொடங்கி 2020 மே மாதம் 'ஆம்பன்' புயலோடு தீர்ந்தது. சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா பாகிஸ்தான் கொடுத்த பெயர். மிக்ஜாம் மியான்மருடையது, ஃபெஞ்சல் சவூதியுடையது. எங்கள் தோப்பை அழித்த கஜா, இலங்கை கொடுத்தது.

பெயர் சின்னதாக, வாயில் நுழைவதாக, யார் மனதையும் புண்படுத்தாததாக இருக்க வேண்டும். 2013-ல் இலங்கை கொடுத்திருந்த 'மகாசேன்' என்ற பெயர் ஒரு புயலுக்கு வந்தது. மின்னேரியாக் குளத்தை வெட்டிய மன்னர் பெயரை நாசம் செய்யும் ஒன்றுக்கு வைப்பதா என்று அங்கேயே எதிர்ப்புக் கிளம்ப, 'வியரு' என்று மாற்றினார்கள். குளம் வெட்டிய ராஜாவுக்காக ஜனங்கள் சண்டை போட்டது எனக்குப் பிடித்திருந்தது. இந்தியா கொடுத்த 13 பெயர்களில் மூன்றாவது 'முரசு'. நம் சொல்.

மறுபடி வருமா என்றால், வராது. இங்கே ஒரு பெயர் ஒரு புயலுக்குத்தான். அட்லாண்டிக் பக்கம் ஆறு வருடத்துக்கு ஒருமுறை அதே பட்டியல் சுற்றி வரும். கத்ரீனா மாதிரி பேரழிவு செய்தவற்றை மட்டும் நீக்குவார்கள். இன்னொரு கஜா புயல் நமக்குக் கிடையாது.

பெயர் இல்லாத காலத்தில் ஜனங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 1964 டிசம்பரில் வந்தது தனுஷ்கோடிப் புயல். அழிந்த ஊரே அதற்குப் பெயர். 1955-ல் ராஜாமடம் பக்கம் கரை கடந்ததை எங்கள் அப்பாயி கடைசிவரை 'பெரிய புயல்' என்றுதான் சொன்னார். பெரியத்தைக்கு எத்தனை வயது என்று கேட்டால், "பெரிய புயலுக்கு அவ கைக்குழந்தை" என்பார். 1977 நவம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு புயல். 12-ம் தேதி நாகப்பட்டினம், 19-ம் தேதி ஆந்திராவின் திவிசீமை. ரேடியோவில் எல்லாமே 'வங்கக் கடலில் புயல்'தான். எது எங்கே வருகிறது என்று குழம்பாமல் இருக்கத்தான் இந்தப் பெயர் வைக்கும் ஏற்பாடே.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பெயர் கிடைப்பது காற்றின் வேகத்தை வைத்து. சுமார் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று நிலையாக வீசினால்தான் அது புயல். அதற்குக் கீழே இருந்தால் எத்தனை மழை கொட்டினாலும் பெயர் கிடையாது. 2017-ல் ஒக்கி புயலாக மாறிப் பெயர் பெற்றது நவம்பர் 30 காலையில். அன்றே குமரி மாவட்டத்தைச் சூறையாடியது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கடலில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை.

2018 நவம்பர் 15 இரவு எங்களுக்குக் கஜா. பெயரும் எச்சரிக்கையும் பல நாள் முன்பே வந்துவிட்டதால் மாடுகளை அவிழ்த்துவிட்டு, எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்தோம். விடிந்து போய்ப் பார்த்தால் தாத்தா வைத்த மரங்கள் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எழவே இல்லை. ஆனால் ஆள் சேதம் எங்கள் தெருவில் இல்லை. அதற்குக் காரணம் அந்த எச்சரிக்கைதான் என்று இன்றும் நம்புகிறேன். அன்றிலிருந்து எந்தப் புயலுக்கும் அம்மா கேட்பது, "கஜா அளவுக்கு இருக்குமா?"

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி ஏரலிலிருந்து போன் பண்ணி, இரண்டு நாளாக மழை விடவில்லை என்றார். அப்பா வழக்கம்போல, "பேரு வைக்கலல்ல, பயப்படாத" என்றார். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. சித்தி வீட்டார் மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்தார்கள். போனும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அப்பா சாப்பிடவில்லை.

2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்கும் பெயர் இல்லை. அதனால் தயவுசெய்து பெயரை மட்டும் கேட்காதீர்கள். எந்த மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை, எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். அப்பா இப்போது அப்படித்தான் கேட்கிறார். சித்தி வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு நெஞ்சு உயரத்துக்கு இன்னும் தெரிகிறது. வெள்ளை அடிக்க விடவில்லை சித்தி. எது எப்போது நடந்தது என்று பேச்சு வந்தால், "அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்பார்.