ஊரிலேயே இருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,
இதழியல் இறுதியாண்டு படிக்கிறேன். மேரி கோல்வினைப் பற்றிப் படித்ததிலிருந்து அவரைப் போலப் போர்முனைச் செய்தியாளராக வேண்டும் என்று ஒரே எண்ணம். அம்மா சம்மதிக்கவில்லை. எங்கே தொடங்குவது? பயத்தை எப்படி வெல்வது?
(நீண்ட கடிதத்தின் சுருக்கம்)

அன்புள்ள தம்பி,

பயத்தை வெல்ல வேண்டாம், அது இருக்கட்டும். ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப்போடப் பழகுங்கள். 2011இல் லிபியாவின் மிஸ்ராத்தாவில் போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் ரத்தம் வடிந்துதான் இறந்தார். அம்மாவிடம் பொய் மட்டும் சொல்லாதீர்கள். சரி, இது போதும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். கோல்வின் 2001இல் வன்னியிலிருந்து திரும்பும் வழியில் கண்ணை இழந்ததையும், 2012இல் சிரியாவின் ஹோம்ஸில் இறந்ததையும் உருகி உருகி எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லையே! அந்த ஊர்களில் வெளிநாட்டு நிருபருக்கு ஆளைப் பிடித்துத் தருவதும், மொழிபெயர்ப்பதும், எந்தச் சாலையில் போகக்கூடாது என்று சொல்வதும் யார்? நாம் ஃபிக்ஸர் என்று ஒரு சொல்லில் தாண்டிப் போகும் மனிதர்.

2007இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் தாலிபான்கள் ஓர் இத்தாலிய நிருபரையும் அவருடைய டிரைவரையும் ஃபிக்ஸர் அஜ்மல் நக்ஷ்பந்தியையும் பிடித்தார்கள். டிரைவரைக் கொன்றார்கள். ஐந்து கைதிகளை விடுவித்து நிருபரை மீட்டார்கள். அஜ்மலுக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏப்ரலில் அவரையும் கொன்றார்கள். 2009இல் அதே நாட்டின் குந்தூஸில் தாலிபான்கள் பிடித்துவைத்திருந்த ஒரு வெளிநாட்டு நிருபரையும் அவருடைய உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் சுல்தான் முனாதியையும் பிரிட்டிஷ் படை மீட்க வந்தபோது, முனாதி “பத்திரிகையாளர், பத்திரிகையாளர்” என்று கத்திக்கொண்டே முன்னால் போய்க் குண்டடிபட்டு விழுந்தார். உடன் இருந்த நிருபரைக் கூட்டிப்போனார்கள். முனாதியின் உடலை அங்கேயே விட்டுப் போனார்கள். குடும்பம்தான் போய் எடுத்துவந்தது.

நான் பிபிசி தமிழோசைக்காக வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டு வளர்ந்தவன். யாழ்ப்பாணத்துச் செய்தி வந்தால் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அந்தச் செய்திகளை அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுடப்பட்டார். சுற்றிலும் ராணுவக் காவல் உள்ள ஊர். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அவருக்குத் திரும்பிப் போக வேறு ஊர் கிடையாது, தம்பி. எழுதிய ஊரிலேயே தூங்கி எழ வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். போகிற இடத்தின் மொழியைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களை அனுப்புகிற ஆசிரியரிடம் கேளுங்கள்: என்னோடு வருகிறவருக்கும் டிரைவருக்கும் காப்பீடு உண்டா? நான் கிளம்பிய பிறகு மிரட்டல் வந்தால் அவர்கள் யாரைக் கூப்பிடுவது? பதில் இல்லை என்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.