80 சதவீதத்தில் நின்றுவிடும் சார்ஜ்

சார்ஜ் 80 சதவீதத்தோடு நின்றுவிடுகிறதே, பேட்டரியை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். உங்கள் லெனோவோ மடிக்கணினி 80 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நிற்பது பெரும்பாலும் பழுதல்ல. அதன் வான்டேஜ் செயலியில், பேட்டரியைக் காக்கச் சார்ஜை அந்த அளவோடு நிறுத்தும் 'கன்சர்வேஷன் மோட்' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் ஒன்று முழுதாக ஏறும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட்டைத் தொடும். நீங்கள் எழுதியிருப்பதுபோல் நாள் முழுவதும் சார்ஜரைச் செருகியபடி, அதுவும் சூட்டோடு, அந்த உச்சத்திலேயே வைத்திருந்தால் செல் விரைவாகத் தேய்ந்துவிடும் என்பதால்தான் இந்த வரம்பை வைத்திருக்கிறார்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்வதாகவும் சொல்கிறீர்கள். காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறாமலிருக்க அடியில் ஒரு பரீட்சை அட்டையை வைத்தாலே போதும்.

சரிபார்க்க, வான்டேஜின் பவர் பகுதியில் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சார்ஜில் விடுங்கள். எண் 80-ஐத் தாண்டி ஏறினால் காரணம் அதுவே. மறுபடி இயக்கிவிட்டு, பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் அணைத்துக்கொள்ளலாம். மாதிரியைப் பொறுத்து அமைப்பின் பெயர் சற்று மாறும்.

அணைத்த பிறகும் ஏறவில்லையென்றால் நான் சொன்ன காரணம் பொருந்தாது, சேவை மையத்தில் காட்டுங்கள். டச்பேட் மேலே புடைத்திருந்தால் செல் உப்பியிருக்கக்கூடும். உடனே சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள்.