வான் பாய்வது குளமா, தண்ணீரா? – கேள்வி பதில்

பரீட்சை கிட்டே வந்துவிட்டது, கேள்விகளும் கூடிவிட்டன. இந்தக் கிழமை வந்ததில் பெரும்பாலானவை அணியும் ஆகுபெயரும்தான்.

சேர், 'பிறவிப் பெருங்கடல்' உவமைதானே? வகுப்பில் உருவகம் என்கிறார்கள். – உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

உருவகம்தான் பிள்ளை. 'கடல் போன்ற பிறவி' என்றிருந்தால் உவமை. 10ஆம் குறளில் வள்ளுவர் பிறவியைக் கடலாகவே ஆக்கிவிட்டார், அதனால்தான் அடுத்த சொல்லிலேயே 'நீந்துவர்' என்று இறங்க முடிந்தது. சொல் நிற்கும் ஒழுங்கையும் பாருங்கோ. 'மலர்முகம்' (மலர் போன்ற முகம்) 'போல' மறைந்து நிற்கும் உவமைத்தொகை, 'முகமலர்' (முகமாகிய மலர்) உருவகம். 'போல' இல்லாவிட்டால் உருவகம் என்று பாடமாக்கி வைத்திருப்பவர்கள் 'தேன்மொழி'யில் விழுவார்கள். அங்கே 'போல' ஒளிந்துதான் நிற்கிறது. 'தேன்மொழி வந்தாள்' என்றால் தேன் போன்ற மொழி பேசும் பெண்ணைக் குறித்து அன்மொழித்தொகையாகிவிடும். அது இன்னொரு நாளைக்கு.

'இரணைமடு வான் பாயுது' என்பதில் என்ன அணி? – பரந்தன்

அணி இல்லைத் தம்பி, ஆகுபெயர். இரணைமடுக் குளம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வானால், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியால், பாய்வது தண்ணீர். இடத்தின் பெயர் அங்குள்ளதற்கு ஆகி வந்தால் இடவாகுபெயர். 'கிளிநொச்சி வென்றது' என்று மட்ச் முடிவு சொல்வதும் இதுவே. உருவகத்துக்கு ஒப்புமை வேண்டும், ஆகுபெயருக்குத் தொடர்பு போதும். தண்ணீர் குளத்தைப் போல இல்லை, குளத்துக்குள் இருக்கிறது.

வஞ்சப்புகழ்ச்சியும் அங்கதமும் ஒன்றா? – மல்லாவி

அங்கதம் பெரியது. நேரே திட்டினால் செம்பொருள் அங்கதம், மறைத்துத் திட்டினால் பழிகரப்பு என்று தொல்காப்பியச் செய்யுளியல் பிரிக்கிறது. வஞ்சப்புகழ்ச்சியில் புகழ்தான் போர்வை. 'தேவர் அனையர் கயவர்' என்ற 1073ஆம் குறளைப் பாருங்கள். ஏனாம்? இருவரும் நினைத்ததைச் செய்கிறார்களாம்! காலபோக (பெரும்போக) நெல்லுக்கான உரம் அறுவடைக்குப் பிறகு வந்தபோது, 'அடுத்த போகத்துக்கு இப்பவே தந்துட்டினம், நல்ல மனசு' என்றார் என் பக்கத்து வயல்காரர். அவர் குறள் படித்தவரில்லை.

மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி எல்லாம் இப்போது ஆர் பாவிக்கிறார்கள்? – நெடுங்கேணி

நீங்கள்தான். வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்ல உங்கள் அம்மம்மா விடுவாவா? மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்லும் 'போயிட்டு வாறன்' மங்கலம். சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் 'கால் கழுவி வந்தேன்' இடக்கரடக்கல். பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்றால், ஒரு கூட்டத்துக்கே விளங்கும் அந்தச் சொல் குழூஉக்குறி. நன்னூல் இம்மூன்றையும் தகுதி வழக்கு என்கிறது.

எதுகை, மோனை எப்படி ஞாபகம் வைப்பது? – மாங்குளம்

முதல் குறள் போதும். முதல் எழுத்து ஒன்றும் அகர–ஆதி மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றும் அகர–பகவன் எதுகை.

தற்குறிப்பேற்றம் என்றால் எப்போதும் மதுரைக் கொடிதானா? – முள்ளியவளை

சிலப்பதிகாரக் கொடியை விட்டால் ஆசிரியர்களுக்கும் வேறு வராது, எனக்கும் சேர்த்துத்தான். கொடி காற்றில் ஆடுவது இயல்பு. 'வராதே' என்று கோவலனுக்குக் கை காட்டியது கவி ஏற்றிய குறிப்பு. வற்றாப்பளைக் கண்ணகியிடம் போகும்போது நந்திக்கடல் பக்கம் பனையோலை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது 'வாங்கோ' என்று கூப்பிடுவதாக எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் முதலில் காற்று வீச வேண்டும். இயல்பாக நடக்காத ஒன்றின்மேல் குறிப்பை ஏற்ற முடியாது.