ஃபைபர், விவசாயி ஐடி, சூப்பர் கம்ப்யூட்டர்: டெல்டா மக்களோட கேள்வி பதில்

திருவாரூர் நண்பர்: பஞ்சாயத்து ஆபீஸ்ல பாரத்நெட் பெட்டி மாட்டியாச்சு, தெருவுக்கு ஏன் நெட் வரல?

மத்திய அரசோட பாரத்நெட் திட்டமே பஞ்சாயத்து வரைக்கும் ஃபைபர் கேபிள்ல இன்டர்நெட் கொண்டுபோறதுதாங்க. 2011-ல வேற பேர்ல ஆரம்பிச்சாங்க, நாடு முழுக்க ரெண்டரை லட்சம் ஊராட்சி இலக்கு, நம்ம ஸ்டேட்ல 12,525. அங்கேர்ந்து வீட்டுக்கு இழுக்க ஒரு கேபிள்காரர் முன்வரணும், பத்து வீடு மட்டும் பணம் கட்டினா அவருக்குக் கட்டுபடியாகாது.

வேதாரண்யம் தம்பி: கஜா மாதிரி இன்னொரு புயல் வந்தா?

2018 நவம்பர்ல கம்பத்தோட எல்லாம் சாஞ்சுச்சே, கம்பத்துல தொங்குற ஃபைபருக்கும் அதே கதிதான். பூமிக்கடியில போடலாமேன்னா மேட்டூர் தண்ணி வர்றதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வார்ற ஜேசிபி அதை அறுத்துடும். கம்பமே மேல், மறுபடி கட்டிடலாம். டவருக்கு பேட்டரி, டீசல் இருக்கான்னு மழைக்கு முன்னாடியே பாக்கணும்.

கும்பகோணம் மாணவி: இதனால சயின்ஸுக்கு என்ன லாபம் சார்?

திருச்சி என்ஐடியில பரம் பொருள்னு 838 டெராஃப்ளாப்ஸ் சூப்பர் கம்ப்யூட்டர் 2022-லேர்ந்து இருக்கும்மா, ஒரு டெராஃப்ளாப்ஸ்னா நொடிக்கு லட்சம் கோடி கணக்கு. பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடத்தையெல்லாம் இணைக்கத்தான் தேசிய அறிவு வலையமைப்பு. ஆனா வயல்ல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு அளந்து அனுப்ப ஆள் இல்லன்னா அந்த மெஷின் எதை வச்சு வெள்ளத்தைக் கணக்கு போடும்?

மன்னார்குடி அண்ணன்: கோயில் நிலம், மூணு தலைமுறையா குத்தகை. விவசாயி ஐடி எனக்குக் கிடைக்குமா?

இதுதான் கேள்வி. விவசாயிக்கு அரசு குடுக்கற அந்த ஐடி நம்பர் ஆதாரையும் பட்டாவையும் சேத்து உருவாகுது, உங்க பட்டா சாமி பேர்ல இருக்கு, சாமிக்கு ஆதார் கிடையாது, உழுற உங்க பேரு ரெண்டுக்கும் நடுவுல எங்கயும் இல்ல. பிஎம் கிசான்ங்கற மத்திய அரசு உதவித்தொகை நிலம் சொந்தமா இருக்கறவங்களுக்கு மட்டும்தான். பயிர் காப்பீட்டுல குத்தகைக்காரருக்கும் இடம் இருக்கு, ஆனா எந்த வயல்ல என்ன பயிர்னு காட்டுற அடங்கலை விஏஓ குடுக்கணும். 2024 செப்டம்பர்ல 2,817 கோடிக்கு டிஜிட்டல் வேளாண் திட்டம் ஒப்புதல் ஆச்சு, விவசாயி பதிவு, கிராம வரைபடம், பயிர் பதிவு மூணும் அதுல வருது, பழைய ரெக்கார்டுல இல்லாத ஆளை அது புதுசா கண்டுபிடிக்காது.

பாபநாசம் மிராசு: குத்தகைய பதிஞ்சா நிலம் கைவிட்டுப் போயிடும், அதான் யாரும் எழுதிக் குடுக்கறதில்ல. கம்ப்யூட்டர் மேல பழி போடாதீங்க.

பழி கம்ப்யூட்டர் மேல இல்லைங்க ஐயா. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969-லயே சட்டம் போட்டாச்சு. அப்ப பதியாமலே விட்ட ஓட்டையைத்தான் இப்ப நீங்க ஆதரிக்கிறீங்க, அவ்ளோதான்.

மிராசு: வெள்ள நிவாரணம் என் பேர்ல வந்தா குத்தகைக்காரருக்கு நான் பாதி குடுக்கறேனே!

நீங்க குடுப்பீங்க, பக்கத்து ஊர்க்காரர்?

நாகை: பிஎம் கிசான் 2000 வரல.
சீர்காழி: எனக்கும் வரல.
திருத்துறைப்பூண்டி: ஸ்டேட்டஸ் பாக்க வாட்ஸப்ல ஒரு ஃபைல் வந்துச்சு, இன்ஸ்டால் பண்ணலாமா?

வேணாம்! அந்த ஃபைலைத் தொடாதீங்க, ஓடிபி-ய யாருக்கும் சொல்லாதீங்க, தவணை வராதவங்க இ-கேஒய்சி, அதாவது ஆதார் சரிபார்ப்பு, முடிஞ்சிருக்கான்னு இ-சேவை மையத்துல பாருங்க. இந்தக் கேள்விக்கு இனிமே பதில் கிடையாது.

மன்னார்குடி அண்ணன்: சரி, அந்த 1969 சட்டத்துல பதிய எங்க போகணும்?

தாலுக்கா ஆபீஸ்ல ஆரம்பிங்கண்ணே, கோயில்ல குத்தகை கட்டின ரசீது எத்தனை வருஷத்துது இருக்கோ எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.