பிரிட்ஜ் ஒட்டிய பின் யூகுலேலே தந்தி உயர்ந்துவிட்டது, என்ன செய்வது?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருப்பதாகவும், சிறிய கிதார் போன்ற யூகுலேலேயில் பெயர்ந்த பிரிட்ஜை (தந்திகளைத் தாங்க உடலில் ஒட்டியிருக்கும் மரக்கட்டை) ஒட்டி வாங்கியபின் விரல் வலிப்பதாகவும், அழுத்தினால் சுருதி ஏறிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தந்தி உயர்வு, விரல்வலி, சுருதி ஏற்றம் மூன்றும் ஒரே நோய்தான். பழைய பசையைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒட்டியிருந்தால் பிரிட்ஜ் உயர்ந்து நிற்கும். பிரிட்ஜின்மேல் தந்திகள் அமரும் மெல்லிய பட்டையான சேடிலைப் புதிதாகப் போட்டு, அது உயரமாக இருந்தாலும் இப்படி ஆகும்.

முதலில் அளந்து பாருங்கள். பன்னிரண்டாம் மெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தலையிலிருந்து தந்தியின் அடிவரை 2.5 முதல் 3 மி.மீ. இருந்தால் போதும். உங்களுடையது 3.5 என்று வைத்துக்கொள்வோம். அரை மி.மீ. குறைக்க, சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருப்பதால் இந்த இரட்டைக் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான்.

தந்திகளைத் தளர்த்தி, சேடிலை உருவி, அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்கவும். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தால் அடி சமமாக வரும். கோணினால் ஒலி மங்கும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்ப்பதே நல்லது; தேய்த்ததை ஒட்ட முடியாது. வீணைக்காரர்கள் பிரிட்ஜைக் குதிரை என்பார்கள், எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கிறது.

முதல் மெட்டில் மட்டும் சுருதி ஏறினால் குற்றம் சேடிலில் இல்லை, தலைப்பக்க நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் பள்ளமிட்ட பட்டை). இன்னொன்று: மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும், தந்தியும் உயரும். இடவப்பாதியில் (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) அளந்து தேய்த்துவிட்டு, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றடிக்கும்போது தந்தி மெட்டில் உரசுகிறது என்று வருந்தாதீர்கள்.