நிற்கிற ரயில்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பல வருடங்களாக ஓஹையோவில் இருக்கிறேன். வயது 38. மென்பொருள் சோதனை வேலை பார்த்தேன், ஆட்குறைப்பில் போய்விட்டது. கிரீன் கார்டு இருப்பதால் ஊர் திரும்பும் அவசரம் இல்லை. அதே வேலைக்கு மறுபடி நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மனம் ஒட்டவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரயில்பாதை போகிறது. உள்ளூர்க் கம்பெனி ஒன்று நடத்துவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு எஞ்சின் பத்துப் பதினைந்து வேகன்களை இழுத்துக்கொண்டு மக்காச்சோள வயல்களுக்கு நடுவே சைக்கிள் வேகத்தில் போகும். பனிக்காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு தியானம். இப்படிப்பட்ட சிறிய ரயில்பாதைகளில் கண்டக்டராக, அதாவது டிரைவரோடு போய் வேகன்களைக் கோத்துக் கழற்றும் ஆளாக, சேர முடியுமா? எப்படி விண்ணப்பிப்பது? அனுபவம் கேட்பார்களா? என் தாத்தா மானாமதுரைப் பக்கம் மீட்டர்கேஜில் கேங்மேனாக இருந்தவர். அந்த ரத்தம்தானோ என்னவோ. கௌரவக் குறைச்சல் என்கிறாள் மனைவி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆளில்லா ரயில்கள் வந்தால் இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

நீங்கள் அமெரிக்காவில் தொழிற்சாலையில் வேலை பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

வேலை விசாரித்து வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்தபோது லக்-மெகான்டிக் ரயில் விபத்தின் விசாரணை அறிக்கையை மறுபடி எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் மாட்டிக்கொண்டீர்கள்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேர முடியும். 1980-ல் ரயில் கம்பெனிகள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு பெரிய ரயில் கம்பெனிகள் லாபமில்லாத கிளைப்பாதைகளை விற்றுத் தள்ளின. இன்றைய சிறிய கம்பெனிகளில் பெரும்பாலானவை அவற்றை வாங்கி ஓட்டுபவைதான். ஏறக்குறைய 600 இருக்கின்றன. அமெரிக்காவின் சரக்கு ரயில்பாதையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே பிரூஸ்டர் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு வீலிங் அண்ட் லேக் ஈரி ஓடுகிறது. அது பிராந்திய ரயில்பாதை என்ற வகை, கொஞ்சம் பெரியது. மற்றவற்றில் பத்து மைல், இருபது மைல் பாதைகூட உண்டு.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் எஞ்சினில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயர் உள்ளூர்ப் பெயராக இருந்தாலும் பின்னால் ஒரு தாய்க் கம்பெனி இருக்க வாய்ப்பு அதிகம்: ஜெனசி அண்ட் வையோமிங், வாட்கோ, ஓம்னிட்ராக்ஸ், ஆர்.ஜே. கோர்மன் என்று சில உண்டு. இதில் ஜெனசி 1899-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு உப்புச் சுரங்கத்துக்குச் சேவை செய்யத் தொடங்கிய குட்டிப்பாதை. இன்று நூற்றுக்கு மேற்பட்ட ரயில்பாதைகள் அதன் கையில். இவர்களிடம் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குடும்பமோ தனி முதலாளியோ நடத்தும் பாதை என்றால் நேராக அலுவலகத்துக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அங்கே பத்து இருபது பேர்தான் வேலை செய்வார்கள், ஒருவர் ஓய்வுபெறப் போகிறார் என்பது எந்த விளம்பரத்திலும் வராது.

அனுபவம் அவசியமில்லை. கண்டக்டருக்கு அவர்களே பயிற்சி கொடுத்து, கூட்டரசு விதிப்படி சான்றிதழும் கொடுப்பார்கள். கண், காது, நிறம் பிரித்தறிதல் எல்லாம் பார்ப்பார்கள். போதைப் பரிசோதனை உண்டு. ஓஹையோவில் கஞ்சா சட்டப்படி செல்லும் என்பதெல்லாம் ரயில்வேயில் செல்லாது. (உங்களுக்குச் சொல்லவில்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு.) கண்டக்டர் இடம் காலியில்லை என்றால் பாதைப் பராமரிப்பில் நுழையுங்கள். கட்டை மாற்றுவது, ஆணி அடிப்பது, ஜல்லி நிரவுவது. சின்னக் கம்பெனியில் காலையில் கட்டை மாற்றியவரே மாலையில் வேகன் கோப்பதும் உண்டு. சம்பளம் பெரிய கம்பெனியைவிடக் குறைவு. பதிலுக்கு, பெரும்பாலும் இரவு வீட்டில் தூங்கலாம். பெரிய கம்பெனியில் நடு இரவு இரண்டு மணிக்கு போன் அடித்துக் கூப்பிடுவார்கள்.

ஓய்வூதியத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரயில்வே ஊழியர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற பொது ஓய்வூதியம் கிடையாது, அதற்குப் பதில் தனியாக ரயில்வே ஓய்வூதியம். 30 ஆண்டு முடித்தால் 60 வயதில் முழுசாக வாங்கலாம் என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். உங்களுக்கு 38. முப்பது முடியும்போது 68. எனவே அந்தக் கவர்ச்சி உங்களுக்கில்லை. ஐந்து ஆண்டு முடித்தால் குறைந்தபட்ச உரிமை வந்துவிடும், அவ்வளவுதான்.

கௌரவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் மனைவியும் நீங்களும் பேசித் தீர்க்க வேண்டியது. ஆளில்லா ரயில்? பத்து மைல் வேகத்தில், ஒவ்வொரு ஆலையிலும் நின்று, இரண்டு வேகனைக் கழற்றி மூன்றைக் கோத்துக்கொண்டு போகிற ரயிலை எந்திரத்திடம் விட யாருக்கும் அவசரமில்லை. மென்பொருள் சோதனைக்காரர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

ஆனால் அந்த ‘தியானம்’ என்ற வார்த்தையை மட்டும் என்னால் விட முடியவில்லை. ர., நீங்கள் பார்த்தது ஜன்னலுக்குள்ளே கணப்பு போட்டுக்கொண்டு, கையில் காப்பியோடு. ரயிலில் இருப்பவன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா? தடம் மாற்றும் உறைந்துபோன சுவிட்சைக் காலால் உதைத்துக்கொண்டிருப்பான். வேகன் ஏணியில் பனிக்கட்டி படிந்திருக்கும். இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து காற்றுக்குழாயை மாட்டும்போது, டிரைவர் தன் கை சைகையைப் பார்த்தானா என்பதைத் தவிர வேறெதுவும் அவன் மண்டையில் இருக்காது. அந்தப் பாதை மெதுவாக ஓடுவதும் நிதானத்தால் இல்லை. தண்டவாளம் பழசு, அதற்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதி.

நான் இந்தியானாவில் ஒரு தீவன ஆலையின் சரக்குப் பிரிவில் இருந்தேன். சோயாப் புண்ணாக்கு வேகன்கள் எங்களுக்கு ஒரு சிறிய ரயில்பாதை வழியாகத்தான் வரும். இரண்டு பேர் வருவார்கள், டிரைவரும் கண்டக்டரும். கண்டக்டர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஆலைக்குள் வரும் பக்கப்பாதை பார்வைக்குச் சமதளம்தான். உண்மையில் சாலைப் பக்கமாக ஒரு சரிவு. அவர் வேகன்களை நிறுத்தியதும் ஒவ்வொன்றாக ஏறிக் கைபிரேக் சக்கரத்தைச் சுற்றுவார். சுற்றி முடித்துக் கீழே வந்து சங்கிலி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு டிரைவரிடம் காற்று பிரேக்குகளை விடுவிக்கச் சொல்லி, எஞ்சினால் லேசாக இழுக்கச் சொல்வார். வேகன் அசைந்தால் இன்னொன்றில் ஏறுவார். எங்கள் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கத்துவார். ‘எத்தனை நேரமய்யா, அது எங்கே போகப்போகிறது?’ என்று. கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

ஒரு குளிர்காலத்தில் பயிற்சிக்கு ஒரு பையன் வந்தான். கை விறைக்கும் குளிர். அவனே எல்லா வேகனிலும் ஏறிப் பிரேக் கட்டிவிட்டு இறங்கி வந்தான். கிழவர் போய்ச் சங்கிலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. ஒன்றும் சொல்லவில்லை. மேலே கை காட்டினார். பையன் முதல் வேகனிலிருந்து மறுபடி ஏற ஆரம்பித்தான்.

இப்போது லக்-மெகான்டிக். கனடாவில் கியூபெக் மாநிலத்து ஊர். மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் என்ற கம்பெனி. நீங்கள் சேர ஆசைப்படும் அதே வகைதான், திவாலான பழைய ரயில்பாதையை 2003-ல் எடுத்து, ஆட்களைக் குறைத்து ஓட்டியது. 2013 ஜூலை 5 இரவு, வடக்கு டகோட்டாவின் கச்சா எண்ணெய் நிரம்பிய 72 டேங்கர்களை ஒரே ஒரு டிரைவர் நாந்த் என்ற இடத்தில் சரிவில் நிறுத்தினார். ஏழு கைபிரேக் கட்டினார். சோதித்தும் பார்த்தார். பார்க்கும்போது எஞ்சின்களின் காற்று பிரேக்கை விடுவிக்கவில்லை. ரயில் அசையவில்லை. பிடிக்கிறது என்று நினைத்து, டாக்சி ஏறித் தூங்கப் போய்விட்டார்.

அவர் ஓடவிட்டுப் போன முன் எஞ்சினை எட்டு மாதம் முன்பு செலவு மிச்சம் பிடிக்க ஏதோ பசை போன்ற பொருள் வைத்து ஒட்டியிருந்தார்கள். அன்று இரவு அந்த எஞ்சின் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து எஞ்சினை அணைத்தார்கள். கம்பெனி அனுப்பிய ஆள் எஞ்சின் தெரியாத பாதைப் பராமரிப்புக்காரர். அவரும் பார்த்துவிட்டுப் போனார். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரும் நிற்கும், காற்று கசியும், எஞ்சின் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தச் சரிவுக்கு 17 முதல் 26 கைபிரேக் தேவை என்று பிறகு கணக்கிட்டார்கள். ஏழு போதவில்லை. ஆளில்லாத ரயில் 11 கிலோமீட்டருக்கு மேல் உருண்டு, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஊரின் நடுவே கவிழ்ந்தது. 47 பேர் செத்தார்கள்.

விசாரணை அறிக்கை 18 காரணங்களை அடுக்குகிறது. தனி ஆளாக ரயில் ஓட்டியதுதான் காரணம் என்று அது உறுதியாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் ‘காற்றை விட்டுப் பார்த்தாயா?’ என்று கேட்டிருப்பார். கேட்காமலும் போயிருக்கலாம், ஆனால் கேட்பதற்கு ஒரு வாய் இருந்திருக்கும். 2018-ல் நீதிமன்றம் அந்த டிரைவரையும் இன்னும் இரண்டு ஊழியர்களையும் விடுவித்தது. அது எனக்குச் சரியென்றே படுகிறது. ஆட்களைக் குறைத்ததும், பசை வைத்து ஒட்டியதும், சரிவில் விட்டுப் போவதை வழக்கமாக்கியதும் அவர்கள் எடுத்த முடிவுகள் இல்லை. அமெரிக்காவில் 2024-ல்தான் ரயிலில் இரண்டு பேர் இருக்கவேண்டும் என்று விதி வந்தது, அதிலும் சிறிய ரயில்பாதைகளுக்குச் சில விலக்குகள். நீங்கள் போய்ச் சேரப்போவது அந்த விலக்குகள் இருக்கும் பக்கம்தான். நேர்முகத்தில் கேட்கத் தைரியம் இருந்தால் இதைக் கேளுங்கள்: ‘உங்கள் பாதையில் எத்தனை பேர் வண்டியில் போவீர்கள்?’ ‘நிறுத்திய வண்டிக்கு எத்தனை கைபிரேக் என்று யார் முடிவு செய்கிறார்கள்?’ பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் இத்தனை வருடம் செய்த வேலையைப் பழிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும். சோதிக்கும்போது வேறொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சோதனை பொய் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? அந்தக் கிழவர் செய்ததும் அதுதான். ரயில் ஓடுவதை ஊரே வேடிக்கை பார்க்கும். அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

தாத்தாவின் ரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. மீட்டர்கேஜ் கேங்மேன் வெயிலில் தடம் பார்த்து நடந்தது, மகனை அந்த வெயிலிலிருந்து தள்ளி வைக்கத்தான். அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் உங்கள் ஆசையை உங்கள் ஆசையாகவே அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் ஒரு வாரம் பேசாமல் இருப்பார், அப்புறம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்.

விண்ணப்பத்தில் ரயில் பிடிக்கும் என்று எழுதாதீர்கள். ரயில் பைத்தியங்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள், அங்கே அப்படி நிறையப் பேர் வருகிறார்கள். கணினி மொழிகளின் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். தேதி நெருங்கிய பிறகும் ‘இது தயாரில்லை’ என்று நீங்கள் நிறுத்தி வைத்த வேலை ஒன்றாவது இருக்கும். மேலதிகாரி கத்தியிருப்பார். அதை நான்கு வரியில் எழுதுங்கள். குளிரில் வெளியே நின்று வேலை செய்த அனுபவம் ஏதாவது இருந்தால் அதையும் சேருங்கள். இல்லையென்றால் இந்த ஜனவரியில் அந்த ரயில் வரும் நாளில், காப்பியை வைத்துவிட்டு, கையுறையோடு வெளியே போய் அது போய் முடியும்வரை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் விண்ணப்பியுங்கள்.